மூன்று நல்ல நாட்கள்

கொற்றி என்ற உழவச்சியின் புருஷனை ஏரித் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அப்படித்தான் ஊர் பேசியது. கேளுங்கள், ஊர் பேசியது பாதிக் கதை. மீதிப் பாதி அரண்மனையில் நடந்தது.

வெகுகாலத்துக்கு முன்னே நல்லியக்கன் என்றோர் அரசன் சின்ன நாடு ஒன்றை ஆண்டான். கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவன் செய்ததை எதிர்த்துக் கேட்டுவிடலாம்; நல்லவன் செய்யாமல் விட்டதை எப்படிக் கேட்பது?

அந்த நாட்டுக்கு ஒரே ஏரி. ஏரியின் மதகு அரசனின் பாட்டன் கட்டியது. கல்லுக்கு அடியில் மண் கரைந்து தண்ணீர் கசிந்தது. மதகைப் பிரித்துப் புதிதாகக் கட்டினால்தான் கரை நிற்கும். கரைக்குக் கீழே குடியிருந்த கொற்றியும் அவள் புருஷன் சாத்தனும் தினமும் களிமண்ணும் வைக்கோலும் திணித்துக் கசிவை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சித்திரையில் கொற்றி அரண்மனைக்குப் போனாள். "ராசா, ஏரியில தண்ணி குறைஞ்சு கிடக்கு. இப்பவே மதகைப் பிரிச்சா மழைக்குள்ள கட்டிடலாம்."

"நாள் பார்ப்போம்" என்றான் அரசன்.

வைகாசியில் போனாள். "ஒரு கை நுழைஞ்ச ஓட்டையில இப்ப ரெண்டு கை நுழையுது, ராசா."

"பாட்டனார் வைத்த கல், அம்மா. எடுத்தால் என்ன ஆகுமோ? இன்னும் நல்ல நாளாகப் பார்ப்போம்."

ஆவணியில் போனாள். "என் புருஷனோட தோளே நுழையுது, ராசா."

"அப்ப நல்லா சோறு போடு, அவனே அடைச்சுக்கிட்டு நிப்பான்" என்று வாசல் காவலன் சிரித்தான். அரசன் சிரிக்கவில்லை. ஆனால் அன்றும் நாள்தான் பார்த்தான்.

ஐப்பசி மழையில், நட்ட நடுப்பகலில், மதகு சரிந்தது. மண் கூடையோடு சாத்தன் உள்ளே இறங்கியிருந்தான். "மேட்டுக்கு ஓடுங்க" என்று அவன் போட்ட சத்தத்தில் கரைக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவன் பிழைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அரசன் கொற்றியைச் சபைக்கு அழைத்தான். ஊர் கொதித்துப்போயிருந்தது.

"நாள் அமையவில்லை, அம்மா. எல்லாம் விதி. நீயே இந்தச் சபையில் அப்படிச் சொல்லிவிட்டால் ஊர் அடங்கும். மேட்டில் ஐந்து மா நிலம் உனக்கு எழுதித் தருகிறேன்."

கொற்றிக்கு வீடு இல்லை, மாடு இல்லை, விதைநெல்லும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வயிறு நிறையும். ஆனால் அவள் சபையில் இருந்த, நாள் குறிக்கும் கணியர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க ஒரு நல்ல நாள்கூடவா குறிச்சுத் தரல?"

கணியர் அரசனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பின்பு மடியிலிருந்த ஓலையை எடுத்து வாசித்தார்.

"சித்திரையில் ரோகிணி. வைகாசியில் உத்திரம். ஆவணியில் அஸ்தம். மூன்றும் குற்றமில்லாத நாட்கள். மூன்று முறையும் அரசர் இதைவிட நல்லதாகப் பார்க்கச் சொன்னார்."

அரசன் தலை கவிழ்ந்தான்.

"உண்மைதான். நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்துவிட்டது. பழைய மதகு எனக்குத் தெரிந்தது. புதியது எப்படி நிற்குமோ தெரியாது. அந்த மூன்று நாட்களிலும் என்ன குறை கண்டேன் என்று எனக்கே விளங்கவில்லை, அம்மா."

கொற்றி நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள்.

"நாள்ல ஒரு குறையும் இல்ல, ராசா. விதின்னு நான் சொல்ல மாட்டேன், உங்க நிலமும் எனக்கு வேண்டாம். மாத்தத்துக்குப் பயப்படுறவனுக்கு எந்த நாளும் நல்ல நாளா இருக்காது, அவன் தள்ளிப்போட்ட நாளுக்கெல்லாம் அடுத்தவன்தான் உயிரைக் கொடுக்கணும்."