பால் தட்டும் பட்டய வழக்கும்

ஒரு காலத்திலே மருதங்காட்டை ஆண்ட பூபாலசிங்க ராஜாவுக்கு, தினம் ஒரு சட்டம் போடாவிட்டால் சோறு இறங்காது. புதுசாக எதையாவது கண்டுபிடித்தவர் பத்து வருஷம் தான் மட்டுமே அதைச் செய்து விற்கலாம் என்று பட்டயம் கொடுப்பது ஒரு சட்டம். பட்டயம் கேட்டுத் தோற்றவர் பட்டறையை மூடவேண்டும் என்பது மறுநாள் போட்ட சட்டம்.

பித்தளைப் பட்டறை நடத்திய வடிவாள் ஒரு சின்னத் தட்டு செய்தாள். பானைக்குள் கிடக்கும் அது, பால் பொங்கப்போகும் சமயம் தடதடவென்று ஆடிக் கூப்பிடும். பட்டய அதிகாரி ஏகாம்பரம் அவள் மனுவைத் தள்ளிவிட்டார். அவருடைய மச்சான் அதே மாதிரித் தட்டு இருநூறு வார்த்து வைத்திருந்தது ஊருக்கே தெரியும். வடிவாள் ராஜாவிடமே முறையிட்டாள்.

"பானையும் பழசு, தட்டும் பழசு, மகாராஜா! உள்ளே தூக்கிப் போட ஒரு மூளையா? குழந்தைகூடச் சொல்லும்!" என்றார் ஏகாம்பரம்.

"அதானே!" என்று ராஜா தலையாட்ட, கிரீடம் கண்வரை இறங்கியது.

மந்திரி சேந்தனார் எழுந்தார். "விடையைப் பார்த்தபிறகு எல்லாமே சுலபந்தான், மகாராஜா. ஏகாம்பரம் பார்க்காமல் சொல்லட்டும். அம்மா வடிவாள், இந்தச் சபையில் ஏதாவது குறை உன் கண்ணில் படுகிறதா?"

வடிவாள் ராஜாவை ஏறிட்டுப் பார்த்தாள். "தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது... மகாராஜாவின் கிரீடம் கண்ணை மறைக்கிறது."

"எங்கப்பாவுக்குத் தலை பெரிசு," என்று முனகினார் ராஜா. "சின்னதாக்கினால் ரத்தினமெல்லாம் உதிருமாம்."

"யாருக்கும் காட்டாமல் இதற்கு ஒரு வழி செய்து வா, அம்மா," என்றார் மந்திரி. வடிவாள் சபையின் ஓரத்துத் திரைக்குப் பின்னால் போய், ஒரு மூடிய பெட்டியோடு திரும்பினாள்.

"ஏகாம்பரம், இதற்குள்ளே வழி இருக்கிறது. என்னவென்று சொல்லும்," என்றார் மந்திரி.

ஏகாம்பரத்துக்கு வேர்த்தது. "கோந்து...?"

"என் தலையிலா?"

"கயிறு போட்டுத் தாடையோடு கட்டினால்..."

"நான் என்ன கன்றுக்குட்டியா?"

"மகாராஜா தலையே ஆட்டாமல் இருந்துவிட்டால்..."

பெட்டியைத் திறந்தார்கள். வடிவாளின் சேலைத் தலைப்பிலிருந்து கிழித்து, வளையமாகச் சுருட்டிய துணி. அதைக் கிரீடத்துக்குள் பொருத்தினாள். ராஜா ஆட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். கிரீடம் அசையவில்லை.

"பூ, இவ்வளவுதானா! இது யாருக்குத் தெரியாது?" என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சபையே சிரித்தது.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "பன்னிரண்டு வருஷமாக நான் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தெரிந்துமா ஐயா சும்மா இருந்தீர்?"

வடிவாளுக்குப் பட்டயமும் புதுப் பட்டுச்சேலையும் கிடைத்தன. மச்சானின் இருநூறு தட்டும் அவள் உலைக்கே போயின. அன்றைக்கும் ஒரு சட்டம் பிறந்தது: இனிமேல் யார் பட்டயம் கேட்டு வந்தாலும், அவர் பொருள் தீர்க்கும் குறையை மட்டும் ஏகாம்பரம் முதலில் கேட்டு, தன் விடையைச் சபையில் உரக்கச் சொல்லவேண்டும். அதற்கப்புறந்தான் பொருளைப் பார்க்கலாம்.

அதிலிருந்து மருதங்காட்டு ஜனங்கள் கூத்துப் பார்க்க வெளியூர் போவதை நிறுத்திவிட்டார்கள்.