காய்ச்சல் இல்லாமலே ரொட்டி தின்ன ஊர்

ஒரு ஊர்ல ஒரு பேக்கரி இருந்துச்சு. ராஜா இல்லடி, ராணியும் இல்ல, பேக்கரிதான். போர்வையை உதைக்காதே. அத்தை சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா கதையை அங்கேயே நிறுத்திட்டு நான் என் பாட்டுக்குப் படுத்துடுவேன். சரியா?

ம்.

அது கடலோரத்து ஊரு. அக்கரையில சண்டை. டமால் டமால்னு குண்டு விழுந்துச்சு. அப்போ ஜனங்க கட்டின துணியோட படகுல ஏறி, சளப் சளப்னு இக்கரைக்கு வந்து இறங்குனாங்க. அதுல தவமலர்னு ஒருத்தி. கூட அவ அம்மா, கால் முடியாதவங்க. ரெண்டு பேரையும் முகாம்ல ஒரு தகரக் கொட்டகையில இருக்க வெச்சாங்க. இடம் கொடுத்தாச்சு, வேலைக்கு எங்க போறது? அப்போ செங்கல் சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி ஒருத்தன் வந்தான். "சனிக்கிழமை லாரி வரும், ஏறிக்க. கிழவியை எல்லாம் ஏத்த மாட்டேன்"னான். அம்மாவை விட்டுட்டு எப்படிடி போவா? போகாட்டி ரெண்டு பேரும் எதைச் சாப்பிடுவாங்க?

ம்.

அப்போதான் சவரியம்மா வந்தா. மீன் விக்கிறவ. "மீனோய்"னு ஒரு குரல் விட்டா நாலு தெரு நாயும் எந்திரிச்சு நிக்கும். தவமலர் அழறதைப் பார்த்துட்டு, "ஏன் புள்ள அழுவுற? சனிக்கிழமைக்குள்ள உனக்கு வேலை வாங்கித் தர்றது என் பொறுப்பு. தரலேன்னா என் பேரு சவரியம்மா இல்ல"ன்னா.

முதல்ல ஜவுளிக் கடையில சேர்த்துவிட்டா. தவமலர் துணி மடிக்கிற அழகைப் பார்த்து முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. "சாயங்காலம் இரும்மா, உன்கிட்ட கொஞ்சம் பேசணும்"னாரு. சம்பளத்தைப் பத்திப் பேசத்தான். தவமலருக்கு முகம் வெளுத்துப்போச்சு. பையை எடுத்தா, குடுகுடு குடுகுடுன்னு ஒரே ஓட்டம். ஏன் சொல்லு? அவங்க ஊர்ல பேசுறதுன்னா திட்டுறதுடி! நாம பேசுறதை அவங்க கதைக்கிறதும்பாங்க. "நான் ஒரு பிழையும் செய்யேல்லை அக்கா, அவர் என்னைப் பேசப் போறாராம்"னு தேம்புறா. சவரியம்மா தலையில அடிச்சுக்கிட்டு ஓடுனா. அதுக்குள்ள வேற ஆளைப் போட்டுட்டாங்க.

அப்புறம் ஒரு மெஸ்ஸுல. பந்தி உக்காந்திருக்கு, தவமலர் சாம்பார் ஊத்துறா. ஒரு ஆளுக்கு ஊத்திட்டு, "காணுமோ அண்ணை?"ன்னு கேட்டா. போதுமான்னு அர்த்தம். அந்த ஆளு, "என்னது காணோமா?"ன்னு சட்டைப் பையைத் தடவுறான். பக்கத்துல இருந்தவன் செருப்பைத் தேடுறான். அவனுக்கு அடுத்தவன், "ஐயோ என் சைக்கிள்!"னு எச்சில் கையோட வாசலுக்கு ஓடுறான். தடதட, படபட, மொத்தப் பந்தியும் எந்திரிச்சுருச்சு. மெஸ்காரர், "அம்மா தாயே, நீ போயிட்டு வா"ன்னு கும்பிட்டுட்டாரு.

சிரிக்கிறியா? கண்ணை மூடிக்கிட்டுச் சிரி.

ஆனா அதோட தவமலர் வாயை மூடுனவதான், திறக்கல. வாயைத் திறந்தாலே வினைன்னு நினைச்சுட்டா. தமிழ் பேசுற ஊருக்கு வந்து, தமிழ் தெரிஞ்ச பொண்ணு ஊமையா நிக்கிறா. சொல்றப்பவே எனக்கு வயித்தெரிச்சலா இருக்குடி.

வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு. அப்போதான் சவரியம்மாவுக்கு உறைச்சுது. "ஏன் புள்ள, நான் பாட்டுக்கு இழுத்துக்கிட்டு அலையுறேன். உங்க ஊர்ல நீ என்ன வேலை பார்த்தே?"ன்னு கேட்டா.

தவமலர் மெதுவா, "பாண் போடுறனான்"னா.

"பானையைப் போடுவியா? போட்டு உடைக்கிறதுக்கெல்லாமா சம்பளம் கொடுக்குறாங்க?"

தவமலர் வாயால சொல்லல. வெறுங்கையால மாவைப் பிசையுற மாதிரி காட்டுனா, தப் தப்புன்னு அடிச்சா, அடுப்புக்குள்ள தள்ளுனா, வெந்து வந்ததை மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கிட்டா. சவரியம்மா துள்ளிக் குதிச்சா. "அட, ரொட்டி!"

ம்.

ஒரே இழுப்பா அந்தப் பேக்கரிக்கு இழுத்துட்டுப் போனா. முதலாளி பேரு சந்தியாகு. ரொட்டி போடுற மாஸ்டர் சொல்லாம கொள்ளாம போயிட்டான், அடுப்பு ஆறிக் கிடக்கு, மனுஷன் உப்பு பிஸ்கட் வித்துக்கிட்டு ஈ ஓட்டுறாரு. "ரொட்டியா? நம்ம ஊர்ல காய்ச்சக்காரன்தான் ரொட்டி தின்பான். ஊருக்கே காய்ச்சல் வரணும்னு நேந்துக்கவா?"ன்னாரு.

"நாளைக்குக் காலையில ஒருவாட்டி போட்டுப் பாரும்யா. வித்துச்சுன்னா வேலை கொடும். விக்கலேன்னா அவ லாரியில ஏறுறா"ன்னா சவரியம்மா.

சனிக்கிழமை விடிஞ்சுது. அடுப்பு குபுகுபுன்னு எரியுது, வாசனை தெரு முழுக்கப் போகுது. முதல்ல ஒரு வாத்தியார் வந்து ஒரு ரொட்டி வாங்குனாரு. வீட்டுக்குப் போறதுக்குள்ள, "சார், யாருக்கு உடம்புக்கு முடியல?"ன்னு ஒருத்தர். எதிர் வீட்டம்மா கஷாயத்தோட ஓடி வந்துருச்சு. இன்னொருத்தர் நெத்தியைத் தொட்டுப் பார்க்குறாரு. ஒண்ணுமே இல்லாத மனுஷன் பயந்துபோயி நிஜமாவே படுத்துட்டாரு! அதைப் பார்த்துட்டு வேற யாரும் கிட்டவே வரல. ரொட்டி அப்படியே அடுக்கி இருக்கு. தவமலர் லாரி வர்ற ரோட்டையே பார்த்துக்கிட்டு நிக்குறா.

அப்போ கடல்லேருந்து கரையேறுன படகுக்காரன் ஒருத்தன் பசியில வந்தான். ஒரு ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் வாங்குனான். உக்காந்து, காய்ச்சல்ல படுத்தவன் மாதிரியே மூஞ்சியை வெச்சுக்கிட்டு, அதைப் பிய்ச்சுப் பிய்ச்சுப் பால்ல முக்குறான்.

தவமலருக்கு வந்துதே கோவம்!

"ஐயோ! பாலுக்குள்ள போட்டுப் பழுதாக்காதேங்கோ!"

கடையே திடுக்குன்னு திரும்பிப் பார்த்துச்சு. "தேங்காய் தாங்கோ! மிளகாய் தாங்கோ! கெதியா!"

"கெதியான்னா என்னம்மா?"ன்னாரு சந்தியாகு.

"சீக்கிரம்னு அர்த்தம், ஓடும்யா!"ன்னா சவரியம்மா. மனுஷன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஓடுனாரு.

உரல்ல டங்கு டங்குன்னு இடிச்சா. காஞ்ச மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேங்காய்ப்பூ, மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சு, செக்கச்செவேல்னு சம்பல். சுடு ரொட்டியைப் பிச்சு நடுவுல வெச்சு, "இப்ப தின்னுங்கோ"ன்னு நீட்டுனா. அவன் ஒரு வாய் வெச்சான். "ஸ்ஸ்... ஆ!" கண்ணுல தண்ணி. மறுபடியும் கையை நீட்டுறான்! அப்போ சவரியம்மா இடுப்புல கையை வெச்சுக்கிட்டு ஒரு குரல் விட்டா பாரு: "காய்ச்சக்காரனுக்கு இல்லடா இந்த ரொட்டி! பசிக்காரனுக்கு!" படகுக்காரங்க திமுதிமுன்னு வந்துட்டாங்க. அப்புறம் ஊரு வந்துச்சு. கடைசியில அந்த வாத்தியாரே போர்வையைப் போத்திக்கிட்டு வந்து நிக்குறாரு. ஒரு துண்டு மிஞ்சல.

சந்தியாகு, "நாளையிலேருந்து தட்டு கழுவ வாம்மா, கூடமாட ரொட்டியும் போடு"ன்னாரு.

சவரியம்மா மூக்கு விடைச்சுது. "தட்டு கழுவவா? மாஸ்டர்னு கூப்பிடும்யா."

அவரு தலையைச் சொறிஞ்சாரு. ஆனா கெட்ட மனுஷன் இல்ல. "சரி... மாஸ்டர், நாளைக்கு மாவு எவ்வளவு வேணும்?"ன்னு கேட்டாரு. தவமலருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. எனக்கும்தான் வருது, போ.

ம்...

அப்போ பாம் பாம்னு லாரி வந்து வாசல்ல நின்னுச்சு. மேஸ்திரி தலையை நீட்டி, "ஏய், ஏறு ஏறு, நேரமாச்சு"ன்னான். தவமலர் வெளியில வந்தா. முழங்கை வரைக்கும் மாவு. தெருவே கேக்குற மாதிரி, வாய் நிறையச் சொன்னா:

"எனக்கு வேலை கிடக்கு. நீங்க போங்கோ."

லாரி டர்ருனு போயிடுச்சு. அவ உள்ள போயி மறுநாளைக்கு மாவு சலிக்க ஆரம்பிச்சா.

அவ்வளவுதான்டி. ரொட்டியும் தீர்ந்துது, கதையும் தீர்ந்துது. கையைப் போர்வைக்குள்ள வை, தூங்கு.