நேரலையில் ஒரு புருவம்

“ஆமாவா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்க!”

வசீலி கேட்டது இது மூன்றாவது முறை. மைக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகர் வாயைத் திறக்கவில்லை.

வடதுருவத்தை ஒட்டிய யூப்பிக் பழங்குடி ஊர்களில் ஆமாம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள். இல்லை என்றால் மூக்கைச் சுருக்குவார்கள். வானொலி நிலையத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகும் பலருக்கு அந்தப் பழக்கம் விடாது.

“மகர் பதில் சொல்ல மறுக்கிறார்,” என்று வசீலி நேயர்களுக்கு அறிவித்தார். ஒரு பாட்டைப் போட்டார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்துவிட்டு வெளியே வந்தார்.

ஆறு இடுகாட்டை அரித்துக்கொண்டிருந்தது. கரையின் விளிம்பில் இருந்தது மகருடைய மகனின் புதைகுழி; தோண்டுவதை அங்கேதான் தொடங்க வேண்டும். அவர் சம்மதித்தால் எல்லோருடையதையும் மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்று ஊர்ச்சபை சொல்லியிருந்தது. மண் தோண்டும் இயந்திரத்தோடு ஒரு மிதவைப் படகு துறையில் நின்றது. ஆறு உறைவதற்குள் அது திரும்பிப் போயாக வேண்டும். நிகழ்ச்சியில் பதில் வராவிட்டால் மத்தியானமே கிளம்பிவிடுவேன் என்று மிதவைக்காரன் சொல்லியிருந்தான்.

நிலையத்தை நடத்துபவள் ஒலிங்கா, வசீலியின் அக்கா மகள். வசீலி நகரத்தில் டாக்ஸிகளுக்கு வயர்லெஸ்ஸில் வழி சொல்லிக்கொண்டிருந்தவர். தலை நரைத்து ஊர் திரும்பி, அவளிடம் இந்தத் தொழிலைப் பழகிக்கொண்டிருந்தார்.

“இந்த மனுஷனை வச்சு எப்படி நிகழ்ச்சி நடத்துறது? நீயே சொல்லு. சுவரோட பேசினா எதிரொலியாவது வரும்.”

“புருவத்தைத் தூக்கினாரா, மூக்கைச் சுருக்கினாரா, மாமா?”

“பார்க்கலை.”

“எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க?”

“கடிகாரத்தைப் பார்ப்பேனா, கேள்வித்தாளைப் பார்ப்பேனா, அவர் மூக்கைப் பார்ப்பேனா? பார்த்துத்தான் என்ன? மூக்கை எந்த அலைவரிசையில ஒலிபரப்புறது?”

ஒலிங்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “அம்மா அப்பவே சொன்னா. நான்தான் கேட்கலை.”

“என்ன சொன்னா அக்கா?”

“என் தம்பி ஜெபம் முடியறதுக்கு முன்னாடியே ஆமென் சொல்றவன்னு.”

அவள் உள்ளே போய்க் கேள்வித்தாளை எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்திருந்த வசீலியின் நாற்காலியை மகரைப் பார்க்கத் திருப்பினாள்.

“பாட்டு முடியப்போகுது. என்ன கேட்கட்டும்?” என்றார் பின்னாலேயே வந்த வசீலி.

“ஒண்ணும் கேட்காதீங்க.”

“நேரலையில சும்மா உட்காரவா?”

“ஆமா.”

“ரேடியோ செத்துப்போச்சுன்னு எல்லாரும் தட்டிப் பார்ப்பாங்க.”

“தட்டட்டும்.”

பாட்டு முடிந்தது. வசீலி உட்கார்ந்தார். மகர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. வசீலி வாயைத் திறந்தபோதெல்லாம் ஒலிங்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலால் தட்டினாள்.

போன் அடித்தது. ஆற்றின் போக்கில் கீழே உள்ள ஊரிலிருந்து மகரின் அக்கா அக்குலீனா பேசினாள். அவள் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

“வசீலி, என் தம்பி அங்கதான் இருக்கானா?”

“இருக்கார். பேசத்தான் மாட்டேங்கிறார்.”

“நீ படகு மோட்டாரை நிறுத்தினாத்தானே தண்ணிக்குள்ள இருக்கிற கடல்நாய் தலையைத் தூக்கும்.”

“நான் நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு!”

“கேட்டுது. அதான் போன் பண்ணினேன். இன்னும் கொஞ்சம் சும்மா இரு. மகரு, தோண்டும்போது நான் வந்து உன் பக்கத்துல நிக்கட்டுமா?”

மகர் ஸ்பீக்கரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் புருவங்கள் மெல்ல உயர்ந்தன. இறங்காமல் அங்கேயே நின்றன.

வசீலி அதைப் பார்த்தபடி இருந்தார். நேயர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய புருவங்களும் மேலே போயிருந்தன.

வானொலியில் ஒன்றும் கேட்கவில்லை.

“சரி,” என்றாள் அக்குலீனா. “படகை எடுக்கிறேன்.”

போனை வைத்துவிட்டாள்.

ஒலிங்கா வேறொரு பாட்டைப் போட்டாள். மிதவைக்காரனைக் கூப்பிட்டு, கிளம்ப வேண்டாம், மகரின் அக்கா வந்து சேரட்டும் என்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

“அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார் வசீலி. “நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே!”

“ஆமா, மாமா. பேச மாட்டேங்கிறார்னு அப்ப மட்டும்தான் நீங்க சொல்லலை. அதுலயே அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு.”

வசீலி மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, காய்ந்த சால்மன் மீன் இருந்த தட்டை மகர் முன்னால் வைத்தார்.

மகர் ஒரு துணுக்கைப் பிய்த்து, இறந்த மகனின் பங்காகத் தரையில் போட்டார். இன்னொன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.