மனமில்லாமல் விற்கிறேன்

“மாடியில கேமரா ரிப்பேர் பார்க்குற பொண்ணுகிட்ட பாடம் கேட்க ஒருத்தர் லால்குடியிலேர்ந்து பஸ் ஏறி வர்றாருப்பா. குருவுக்கு இருபத்தேழு வயசு. சிஷ்யருக்கு அம்பத்தஞ்சு.”

பாத்திரக் கடைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது, படியேறிக்கொண்டிருந்த சிஷ்யரின் காதில் விழுந்தது. அவர் நின்றார். இரண்டு படி இறங்கி வந்தார்.

“அம்பத்தி நாலு” என்று திருத்திவிட்டு மறுபடி ஏறினார்.

அவர் பெயர் தெய்வசிகாமணி. லால்குடியில் முப்பது வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். குருவின் பெயர் ஜெசிந்தா. திருச்சி மெயின்கார்டு கேட் பக்கத்தில், பாத்திரக் கடைக்கு மேலே, ஒரு சின்ன அறையில் கேமராக்களைத் திறந்து பழுது பார்ப்பவள். கேட்டால் இரண்டு வார்த்தை பேசுவாள். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

எட்டு மாதத்துக்கு முன்பு சிகாமணி இணைய ஏலத்தில் ஒரு பழைய லென்ஸ் எடுத்தார். ஆறாயிரத்துச் சொச்சம். பெட்டி ஒழுங்காக வந்து சேர்ந்தது. பார்க்க லென்ஸ் போலவே இருந்தது. கேமராவில்தான் மாட்ட முடியவில்லை. ஜெசிந்தாவிடம் கொண்டுவந்தார். அவள் வாங்கி மூடியைத் திருகினாள். உள்ளே எவர்சில்வர்.

“இது காபி கப் சார்.”

“லென்ஸ் படம்தானே போட்டிருந்தான்?”

அவள் அவருடைய போனை வாங்கி, ஏல விவரத்தைக் கடைசி வரிவரை தள்ளிக் காட்டினாள். ‘மூன்று மணி நேரம் சூடு தாங்கும்’ என்று எழுதியிருந்தது.

“வெயில்ல வேலை செய்யும்னு சொல்றான்னு நினைச்சேன்” என்றார் சிகாமணி.

அவருடைய மனைவி அந்தக் கப்பில்தான் தினமும் அவருக்குக் காபி கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தாள். ஒரு வாரம் குடித்துப் பார்த்தார். எட்டாம் நாள் திருச்சிக்கு பஸ் ஏறி, ஜெசிந்தாவைக் குருவே என்று கூப்பிட்டார். அவள் வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. அவளும் அவரை சார் என்று கூப்பிடுவதை விடவில்லை.

குரு சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். ஏலத் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பக் கூடாது. அந்த ஆளிடம் முன்பு வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பாடம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்து ஒரு பேட்டரி வாங்கினார். பெட்டி பிரிப்பதை மூன்று கோணங்களில் எடுத்து, நாதஸ்வரம் சேர்த்து, நடுவில் ரோஜா இதழ் விழவைத்து, பன்னிரண்டு நிமிஷப் படமாகக் கொண்டுவந்து காட்டினார். ஜெசிந்தா முழுவதும் பார்த்தாள்.

“பேட்டரி வேலை செய்யுதா சார்?”

“அதைப் பார்க்கலையே குருவே.”

இன்னொரு தடவை கேமரா நிறுத்தும் முக்காலி ஒன்றுக்கு ஏலம் கேட்டவர், தான் கேட்ட தொகையைத் தானே மூன்று முறை ஏற்றிவிட்டு வந்தார்.

“எதிர்ல யாரு சார் ஏத்துனது?”

“யாருமே ஏத்தலை குருவே. அதான் எனக்குப் பயம் வந்துடுச்சு.”

இன்று மூச்சு வாங்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெசிந்தா கடுகளவு திருகாணி ஒன்றை இடுக்கியால் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“குருவே, இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான். விக்கிறவன் நல்லவனா இல்லையான்னு, முகத்தைப் பார்க்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“என்ன வாங்கப் போறீங்க?”

“எண்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ். ஒன்பது நாள்ல ஒரு கல்யாணம். கோயில்ல முகூர்த்தம், விடிகாலை நாலரைக்கு. ஃபிளாஷ் அடிக்கவே கூடாதுன்னு குருக்கள் சொல்லிட்டாரு. என்கிட்ட இருக்கிற லென்ஸை வச்சு அந்த இருட்டுல எடுத்தா, எது தூணு, எது மாப்பிள்ளைன்னு தெரியாது.”

“வேற ஆளைப் பார்க்கச் சொல்லிடலாமே.”

“ஆறு மாசத்துல வந்த ஒரே ஆர்டர் குருவே. இதையும் விட்டா மச்சானோட சிமென்ட் கடையிலதான் போய் உட்காரணும். எனக்குன்னு நாற்காலியே வாங்கிப் போட்டுட்டான். சுத்துற நாற்காலி.”

அவர் போனை நீட்டினார். ஏலம் ஐந்து மணிக்கு முடியும். இப்போது நாலு இருபது. கடைசியாக யாரோ கேட்டிருந்த தொகை எட்டாயிரத்து நானூறு. சிகாமணியிடம் பதினாலாயிரம் இருந்தது. கல்யாண வீட்டார் கொடுத்த முன்பணம் முழுவதும் அதுதான்.

“படிக்கிறேன், கேளுங்க. ‘ஒரே கை பயன்படுத்தியது. வெயில் மழை படாதது. வீட்டில் ஒரு பிள்ளையாக இருந்தது. மனமில்லாமல் விற்கிறேன்.’ எப்படி! மனமில்லாமல் விற்கிறேன். இப்படி எழுதுறவன் பொய் சொல்லுவானா? இதைப் படிச்சதுமே எனக்கு ரொம்ப நாள் பழகின ஆள் மாதிரி ஆயிடுச்சு.”

ஜெசிந்தா படங்களைத் தள்ளிப் பார்த்தாள். நாலு படங்கள். மூன்றாவதில் நின்றாள்.

“இந்தப் பச்சைப் புள்ளி என்ன சார்?”

“அதைச் சொல்ல மறந்துட்டேனே! இருட்டு மண்டபத்துல லென்ஸைத் தடவி மாட்டுறதுக்கு அடையாளம் அது. கதவுக்கு அடிக்கிற பெயிண்ட்ல ஒரு புள்ளி. நானும் அப்படித்தான் வைப்பேன். இவனும் வச்சிருக்கான் பாருங்க. நம்ம தொழில்காரன் குருவே.”

போன வாரம் பழுது பார்க்கக் கொடுத்த சிகாமணியின் கேமரா மேஜை மேல் இருந்தது. அதன் விளிம்பில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

“உங்ககிட்டயே ஒரு எண்பத்தஞ்சு இருந்துச்சுன்னு சொல்லியிருக்கீங்கள்ல?”

“இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி இதே தளத்துல வித்துட்டேன். அது ஓசூருக்குப் போச்சு. இது காரைக்குடி.”

“சரி. இங்க நாலு படம் இருக்கு. எந்தப் படம் இல்லைன்னு பாருங்க.”

சிகாமணி யோசித்தார்.

“விக்கிறவன் படம்?”

“லென்ஸுக்குப் பின்னாலேர்ந்து டார்ச் அடிச்சு எடுத்த படம். உள்ளே ஃபங்கஸ் இருந்தா அதுலதான் தெரியும்.”

மழைக்காலத்தில் பூட்டிவைத்த லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி படர்கிற பூஞ்சை அது. சிகாமணி லேசாக இருமினார்.

“கொஞ்சம் ஃபங்கஸ் எல்லா லென்ஸ்லயும் இருக்கத்தான் செய்யும் குருவே.”

“டார்ச் அடிச்சு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்க.”

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார். நாலு நிமிஷத்தில் பதில் வந்தது. சத்தமாகப் படித்தார்.

‘மன்னிக்கவும். டார்ச் அடித்தால் கண்ணாடியின் மேல் இருக்கும் பூச்சு இளகிவிடும் என்று எனக்கு விற்றவர் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். அதனால் நான் இதுவரை அடித்ததே…’

‘இல்லை’ என்ற சொல் சத்தமாக வரவில்லை.

“பூச்சு இளகுமா சார்?” என்று கேட்டாள் ஜெசிந்தா. “நான் இத்தனை வருஷமா அடிச்சுக்கிட்டிருக்கேன்.”

சிகாமணி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“இளகாது குருவே.”

“அப்ப யாரு இப்படிச் சொன்னது?”

கீழே பாத்திரக் கடையில் யாரோ ஒரு அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள்.

“உலகத்துலயே ஒருத்தன்தான் சொல்லியிருப்பான். ஓசூர் பார்ட்டி அன்னிக்கு இதே மாதிரி டார்ச் படம் கேட்டுச்சு. எனக்கு வாடகை கட்ட வேண்டியிருந்துச்சு. வாயில வந்ததைச் சொன்னேன்.”

“அப்ப ஃபங்கஸ் இருந்துச்சா?”

“ஒரே ஒரு நூல்.”

“இப்ப?”

“ரெண்டு வருஷம் ஆச்சே. ஜமுக்காளமா ஆயிருக்கும்.”

“மனமில்லாமல் விற்கிறேன்னு எழுதுனது?”

“அதுவும் நான்தான் குருவே.” தணிந்த குரலில் கேட்டார்: “உருக்கமா இல்ல?”

ஜெசிந்தா திருகாணியைக் கிண்ணத்தில் போட்டாள்.

“ஏன் விக்கிறாங்கன்னு கேளுங்க.”

“வேணாம் குருவே. வேற லென்ஸ் பார்ப்போம். நிறைய இருக்கு.”

“கேளுங்க சார்.”

கேட்டார். இந்த முறை பதில் நீளமாக இருந்தது. அவர் மனசுக்குள் படித்தார். பிறகு போனை குருவிடம் கொடுத்துவிட்டார்.

‘நான் கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிறேன். படம் எடுக்க ரொம்ப ஆசை. ஓசூரில் வேலை பார்த்தபோது இதைப் பதிமூன்றாயிரத்துக்கு வாங்கினேன். இரண்டு வருஷமாக முயற்சி செய்தும் எல்லாப் படமும் மங்கலாகவே வருகிறது. எனக்குக் கை வரவில்லை. அடுத்த வாரம் கேமராவையும் விற்றுவிடுவேன். லென்ஸைக் குறை சொல்ல முடியாது, அது நல்ல லென்ஸ். எனக்கு விவரம் எழுதத் தெரியாததால், விற்றவர் எழுதியிருந்ததையே நானும் போட்டுவிட்டேன். டார்ச் பற்றியெல்லாம் கேட்கிறீர்கள். உங்களைப் போல் விஷயம் தெரிந்தவர் கைக்குப் போனால் எனக்குச் சந்தோஷம். இப்படிக்கு, வேதவல்லி.’

ஜெசிந்தா படித்து முடித்துப் போனை மேஜை மேல் வைத்தாள். திரை மங்கி அணைந்தது. சிகாமணி விரலால் தொட்டு எழுப்பினார். மறுபடி அணைந்தது. மறுபடி எழுப்பினார்.

“நான் விலகிக்கிறேன் குருவே. நான் வாங்கலைன்னா இதுல எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. இல்லையா?”

ஜெசிந்தா போனை எடுத்தாள். ஏலப் பக்கத்தைக் கீழே தள்ளினாள். இதற்குள் தொகை ஒன்பதாயிரம் ஆகியிருந்தது. ஏற்றிய ஆள் அடியில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தார். யார் வேண்டுமானாலும் பதில் எழுதக்கூடிய இடம் அது.

‘நான் கல்லூரி மாணவி. முதல் முறையாக வாங்குகிறேன். ஒரு வருஷம் சேர்த்த பணம். இதை நம்பி வாங்கலாமா? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.’

யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஏலம் முடியப் பதினொரு நிமிஷம் இருந்தது.

சிகாமணி அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை. எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் இருந்தது.

“நான் வந்ததுமே ஒரு கேள்வி கேட்டேன் குருவே. விக்கிறவன் நல்லவனா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு. நீங்க இன்னும் பதிலே சொல்லலை.”

ஜெசிந்தா போனை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“இந்தப் பொண்ணும் அதேதான் கேட்டிருக்கு. நீங்க பதில் எழுதுங்க சார். நானும் படிச்சுத் தெரிஞ்சுக்கிறேன்.”

அவள் விளக்கை இழுத்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்து திருகாணியை மறுபடி எடுத்தாள்.

சிகாமணி ‘எனது தாழ்மையான கருத்து என்னவென்றால்’ என்று ஆரம்பித்தார். அழித்தார். ‘பொதுவாகப் பழைய லென்ஸ்களில்’ என்று ஆரம்பித்தார். அதையும் அழித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“குருவே, அந்த ஃபங்கஸை எடுத்துட முடியுமா? ஒன்பது நாளைக்குள்ள?”

“திறந்தாத்தான் தெரியும்.”

“எடுத்தாலும் கண்ணாடி பழையபடி ஆகுமா?”

“அதுவும் திறந்தாத்தான்.”

அவர் தலையாட்டினார். பிறகு நிறுத்தாமல் எழுதினார்.

‘வாங்க வேண்டாம் அம்மா. இதில் பூஞ்சை இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பே இருந்தது. டார்ச் அடித்தால் எதுவும் இளகாது. இளகும் என்று சொன்னது பொய். சொன்னவன் நான்தான். வேதவல்லி மேடம், படம் மங்கலாக வந்தது உங்கள் கையால் இல்லை. தயவுசெய்து கேமராவை விற்காதீர்கள்.’

அடியில் தன் முழுப்பெயரையும், ஸ்டூடியோ இருக்கும் தெருவையும், போன் நம்பரையும் எழுதினார். அனுப்பினார்.

ஏலம் முடிய மூன்று நிமிஷம் இருந்தது. ஒன்பதாயிரத்துக்கு மேல் யாரும் ஏற்றவில்லை.

அவர் தொகை எழுதும் கட்டத்தைத் தொட்டு, அதே பதிமூன்றாயிரத்தைப் போட்டார். உறுதிதானா என்று தளம் கேட்டது. ஆம் என்பதை அழுத்தினார்.