சிறைக்குள் முழங்கிய முரசு

முன்னொரு காலத்தில் (எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், கேள்வி கேட்டவர்கள் பட்ட பாடுதான் இந்தக் கதை) மகுடவர்மன் என்றொரு அரசன் இருந்தான். அவனுக்குப் போர்க்கப்பல் மேல் ஆசை வந்தது. கப்பல் கட்டுவதில் பேர்போன கடல்கடந்த பேரரசனோ, "விசாரிக்காமல் யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்று சட்டம் செய்யுங்கள். அதை முரசறைந்து அறிவிப்பதை என் தூதர் காதால் கேட்க வேண்டும். பிறகு கப்பல் தருகிறேன்" என்று சொல்லியனுப்பினான்.

அரசன் சபையைக் கூட்டினான். "தூதர் கேட்க வேண்டும். என் குடிகளில் ஒருவன்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் நாளைக்கே என் முன்னால் நின்று நியாயம் பேசுவான். வழி சொல்லுங்கள்!"

அமைச்சர் நஞ்சராயருக்கு விகடகவி சாத்தனைக் கண்டாலே வயிறு எரியும். "அரசே, இது சாத்தனால் மட்டுமே ஆகக்கூடியது. முடியாதென்றால் அந்தத் தலை அவனுக்கு எதற்கு?" என்றார்.

சாத்தனுக்கு வேறொரு எரிச்சல் இருந்தது. அவன் தங்கை நாச்சியின் கணவன் மருதன் அரண்மனை முரசறைவோன். இதே தூதர் கேட்ட கடற்கரையை அவருக்குக் கொடுப்பதற்காக மீனவர்களை விரட்டும் ஆணையை முரசறைய மாட்டேன் என்றான். ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவனை உள்ளே தள்ளிவிட்டார்கள். அன்று முதல் நாச்சி, சபையில் இருந்தும் தடுக்காத அண்ணன் முகத்தில் விழிப்பதில்லை.

"அரசே, சிறை புகுந்தவன் தங்கள் குடி அல்லன் என்பது தாங்கள் இட்ட ஆணைதானே?" என்றான் சாத்தன்.

"ஆம்."

"அப்படியானால் இடம் கிடைத்துவிட்டது."

மறுநாள் அரசனையும் தூதரையும் அவர் பரிவாரத்தையும் சிறைக்கே அழைத்துப்போனான். காவலர்கள் குடிகளாயிற்றே, அவர்கள் காதுகளில் பஞ்சை அடைத்தான். விலங்கு பூட்டிய மருதன் கையில் குறுந்தடியைக் கொடுத்தான். மருதன் முரசை அறைந்து சட்டத்தைச் சொன்னான். கைதிகள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பரிவாரம் பார்த்துக்கொண்டிருந்ததால் தூதர் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. "இவர்களை எல்லாம் விசாரித்தாயிற்றா?"

அரசன் காவலர்கள் பக்கம் திரும்பினான். "கதவைத் திறங்கள்!" என்று கத்தினான். பஞ்சுக் காதுக் காவலர்கள் சிலைபோல நின்றார்கள். கையை ஆட்டிக் காட்டிய பிறகுதான் திறந்தார்கள்.

ஒப்பந்தம் ஆயிற்று. தூதரின் கப்பல் துறையை விட்டு நகர்வதற்குள் வீரர்கள் கைதிகளைத் தெருத்தெருவாகப் பிடித்து இழுத்து வந்தார்கள். நாற்சந்தியில் முரசறையாத சட்டம் அந்த நாட்டு மரபுப்படி சட்டமே அல்லவே! தளத்தில் நின்ற தூதர் அதைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

சபையில் அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்னையே மடக்கினாயடா! பரிசு தருகிறேன். அந்தச் சட்டத்தை நாற்சந்தியில் முரசறையச் சொல்லட்டுமா? அல்லது மருதனை மட்டும் வீட்டுக்கு அனுப்பட்டுமா? ஒன்றைக் கேள். கொடுத்த வாக்கை மீற மாட்டேன்."

சட்டத்தையே கேட்டுவிடுவானோ என்று நஞ்சராயருக்கு உயிர் போய் வந்தது. சாத்தன் வாயைத் திறந்தான். நாச்சியின் முகம் கண்முன் வந்தது.

"மருதனைக் கொடுங்கள், அரசே."

"தெரியும்!" என்று அரசன் இன்னும் பலமாகச் சிரித்தான். நஞ்சராயரும் சேர்ந்து சிரித்தார். இத்தனை நாளில் சாத்தனின் எந்த விகடத்துக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. பொற்சங்கிலி ஒன்றும் சாத்தன் கழுத்தில் விழுந்தது.

சிறை வாசலில் மருதன் வெளியே வந்தான். உள்ளே மற்றவர்கள் அடுத்து யார் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். காவலன் கதவைப் பூட்டினான். நடந்ததையெல்லாம் சாத்தன் சொன்னான்.

மருதன் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "முரசக் கேட்டிருக்கலாமே மச்சான்," என்றான். "நானுந்தானே வெளிய வந்திருப்பேன்."