வேலை தெரியாத நொதி

“உருவம் தெரிஞ்சுபோச்சு மேடம். வேலைதான் தெரியல” என்றார் பொன்னுலிங்கம்.

கல்லூரியில் வேதியியல் நடத்துகிற மனுஷர். தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். வழிகாட்டி நஸீமா அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். புதிதாக வருகிறவனுக்கு யார் குரு, யார் சீடர் என்றே பிடிபடாது.

உப்பளச் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதி அது. நொதி என்றால் ஏதோ ஒரு பொருளைக் கவ்வி வெட்டும், இல்லை ஒட்டும். மனுஷர் அதைப் படிகமாக்கி, எக்ஸ்ரேயில் காட்டி, அணு அணுவாகப் படம் பிடித்துவிட்டார். நடுவில் ஒரு பள்ளம். அதுதான் அதன் வாய். அந்த வாய் எதைத் தின்னும் என்பது மட்டும் தெரியவில்லை.

“சர்க்கரை?”

“தொடல.”

“கொழுப்பு?”

“ம்ஹூம். அலமாரியில இருக்கிற அத்தனையும் குடுத்துப் பாத்துட்டேன். தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாச்சு.”

இந்த மாதத்தோடு அவருடைய பதிவு காலாவதி. நொதியின் வேலையைச் சொல்லாவிட்டால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். அவர் சம்சாரம் வேறு அவசரக்காரி. ‘முனைவர்’ போட்டுப் பெயர்ப்பலகையே செய்து வைத்துவிட்டாள்.

“அவமானமா இருக்கு மேடம். விட்டுரலாம்னு பாக்கேன்.”

நஸீமா எழுந்தார். சாப்பிட்டு முடித்த டிபன் டப்பாவைக் குழாயடியில் தேய்த்துக் கழுவித் துடைத்து, அவர் முன்னால் வைத்தார்.

“இன்னைக்கு நான் என்ன சாப்பிட்டேன், சொல்லுங்க.”

பொன்னுலிங்கம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டது மேடம் ஆயிற்றே, விரலை விட்டு ஆழம்கூடப் பார்த்தார்.

“சோறு.”

“இல்ல.”

“உப்புமா?”

“இல்ல.”

“கழுவிட்டீங்களே மேடம். ஒரு பருக்கை ஒட்டியிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன்.”

நஸீமா டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“படத்துல, அந்தப் பள்ளத்துக்குள்ள ஒரு துணுக்கு தெரிஞ்சுது. அழுக்குன்னு நெனச்சு நான்தான் அழிச்சேன். படம் சுத்தமா இருக்கணுமேன்னு.”

நஸீமா திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அழிக்காத படம் இருக்கா?”

இருந்தது. பொன்னுலிங்கம் அதைத் திறந்தார். பள்ளத்துக்குள் அந்தத் துணுக்கு அப்படியே உட்கார்ந்திருந்தது. வாலும் வளையமுமாக, ஒரு மூலக்கூறு. அலமாரியில் இல்லாத ஒன்று.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“நல்ல ஆளு சார் நீங்க” என்றார் நஸீமா. “வாயில இருந்ததைப் பிடுங்கிப்போட்டுட்டு, என்ன சாப்பிடுறேன்னு கேட்டுட்டு இருந்திருக்கீங்க.”