காட்டு மஞ்சளுக்கு நன்றி

“பேர் தெரியாம எப்படிம்மா நன்றி சொல்றது?”

ஆவுடையப்பன் இலையில் சோறு ஆவி பறந்தது. தொடவில்லை.

அந்த மலையடி மடத்தில் ஒரு வழக்கம். அன்றைக்குத் தன்னை வாழவைத்தது எதுவோ, அதன் பெயரைச் சொல்லி நன்றி கூறிய பிறகுதான் முதல் கவளம்.

காட்டில் வழி தவறி, நாக்கு வறண்டு கிடந்தவர், சரிவில் பூத்திருந்த ஒரு பூவைக் கண்டார். கீழே போகப் போகப் பூக்கள் கூடின. கடைசியில் ஓடை. வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஓடையோடே நடந்து மடத்துக்குத் திரும்பியிருந்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பிடிவாதத்துக்கு வயதே கிடையாது. குருவான ஞானாம்பிகைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

“பூ எப்படி இருந்துச்சு, அண்ணாச்சி?”

“மண்ணைப் பொளந்துகிட்டு நேரா வந்துருக்கு. அடியில இளம்பச்சை, உச்சியில ரோஸ். நடுவுல மஞ்சளா எட்டிப் பாக்குது.”

“இலை?”

“ஒண்ணுகூட இல்லம்மா.”

“எங்க நின்னுச்சு?”

“காட்டுக்குள்ளதான்.”

“அது சரி. காட்டுல எங்க?”

ஆவுடையப்பன் கண்ணை மூடினார்.

“மருத மரத்தடி. நல்ல நிழல். மக்கின சருகு. இப்ப பெஞ்ச கோடை மழையோட ஈரம் காயாம இருந்துச்சு.”

“காட்டு மஞ்சள். முதல் கோடை மழைக்குப் பூ வந்துரும். இலை பின்னாலதான் வரும்.”

அவர் கை கூப்பினார்.

“காட்டு மஞ்சளுக்கு நன்றி.”

கவளத்தை எடுத்தார். வாய்வரை போன கை நின்றது.

“மழை இல்லன்னா அது பூத்திருக்காதே!”

கவளம் இலைக்குத் திரும்பியது.

“மழைக்கு நன்றி. சருகு உதிர்த்த மருதுக்கு நன்றி. சருகை மக்க வச்ச புழுவுக்கு...”

சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. கண்ணீர் தாடியில் இறங்கியது. இத்தனை பேர் சேர்ந்தா தன்னைக் கரை சேர்த்தார்கள் என்று மனசு பொங்கியது.

கண்ணைத் துடைக்கக் குனிந்தபோதுதான் எதிரே குருவின் பாதங்களைப் பார்த்தார். முழங்கால்வரை முள் கிழித்த கோடுகள். சில இன்னும் காயவில்லை. சேலை ஓரத்தில் காட்டுச் சருகு ஒட்டியிருந்தது.

“இது என்னம்மா?”

ஞானாம்பிகை அவர் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

“முதல்ல சாப்பிடுங்க, அண்ணாச்சி. நீங்க சாப்பிட்டாத்தான் எனக்கும் சோறு இறங்கும்.”